முதல் பேப்பருக்கு ரெஃபரன்ஸ் போடுவது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வரும் கூரியர் பையன் குறைந்தது இரண்டு பேரிடமாவது வழி கேட்காமல் வீடு வந்து சேரமாட்டான். பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, சில சுவரில் இரண்டும் வெள்ளையடித்ததில் மறைந்துபோயிருக்கும், போதாததற்கு அதே பெயரில் முதல் சந்து, இரண்டாவது சந்து. பெயர் சரியாக இருந்து எண் தப்பாக இருந்தால் பார்சல் நாலு வீடு தள்ளி இருக்கும் பாட்டியிடம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆராய்ச்சிப் பேப்பரின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியலும் இதே சங்கதிதான். உங்களைத் தெரியாத யாரோ ஒருவர், இருபது வருடம் கழித்துகூட, நீங்கள் சொன்ன பேப்பரைத் தேடிப் பிடிக்க நீங்கள் எழுதிக் கொடுக்கும் விலாசம் அது. கமா எங்கே, புள்ளி எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலை, அதையும் இப்போது மெஷின் செய்துவிடும். விலாசம் சரியா என்று பார்ப்பது மட்டும் மெஷினால் முடியாது.

இதை எழுத உட்கார வைத்தது திருவொற்றியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் ஒரு பெண். எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்த மடவை மீனில் கன உலோகங்கள் எவ்வளவு என்று பார்த்து, நல்ல வேலைதான், பேப்பர் எழுதி அனுப்பியிருக்கிறாள். துறை அறிந்தவர்கள் படித்துப் பார்க்கும் ரிவ்யூவுக்கே போகாமல் நாலு நாளில் திரும்பி வந்துவிட்டது. "அக்கா, ரிசல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ரெஃபரன்ஸ் ஃபார்மேட் சரியில்லன்னு மட்டும் போட்டிருக்காங்க" என்றாள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முதல் பத்து ஒரு மாதிரி, அடுத்த எட்டு வேறு மாதிரி, நடுவில் மூன்று தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில், கடைசியில் வெறும் கூகுள் தேடல் முகவரி ஒன்று. எங்கெங்கிருந்து காப்பி எடுத்தாளோ அங்கங்கே இருந்த கோலத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால் திட்ட மனசு வரவில்லை. என் முதல் பேப்பரில் 47 ரெஃபரன்ஸ், எல்லாவற்றையும் கையால் டைப் செய்து, கையாலேயே எண் போட்டேன். அனுப்புவதற்கு முந்தின நாள் கைடு, அதாவது என் ஆராய்ச்சி வழிகாட்டி, ஆறாவது இடத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். ஆறு ஏழானது, ஏழு எட்டானது, பிரவுசிங் சென்டர் மூடுகிற நேரம் வரை உட்கார்ந்து மாற்றினேன், அப்படியும் 31க்குப் பிறகு எல்லாம் ஒன்று தள்ளித்தான் அச்சானது. இன்றைக்கும் அது அப்படியே இணையத்தில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது ஜர்னலை

பேப்பரை எந்த ஜர்னலுக்கு, அதாவது எந்த ஆராய்ச்சி இதழுக்கு, அனுப்பப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ரெஃபரன்ஸை அழகுபடுத்துவது வீண். ஜர்னலின் தளத்தில் ஆசிரியர்களுக்கான வழிமுறை என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் ரெஃபரன்ஸ் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். அப்புறம், இதை நிறைய பேர் செய்வதில்லை, அதே ஜர்னலில் இந்த வருடம் வந்த பேப்பர் ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிமுறைப் பக்கம் சில சமயம் பழசாகிக் கிடக்கும், அச்சான பேப்பரோ இன்றைய நடைமுறையைக் காட்டும். இரண்டும் முரண்பட்டால் நான் பேப்பரைத்தான் நம்புவேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எல்சிவியர் என்ற பெரிய பதிப்பகத்தின் ஜர்னல்கள் பலவற்றில் முதல் முறை அனுப்பும்போது ரெஃபரன்ஸ் எந்த முறையிலும் இருக்கலாம், ஆனால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே முறையாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். உங்கள் ஜர்னல் அப்படியா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒரு இரவுத் தூக்கம் மிச்சம்.

இரண்டே குடும்பம்

ஆயிரக்கணக்கில் ஸ்டைல் இருக்கிறதே என்று மிரள வேண்டாம். அடிப்படையில் இரண்டு குடும்பம்தான். ஒன்று எண் முறை: வாக்கியத்தில் [1], [2] என்று எண், கடைசியில் அதே வரிசையில் பட்டியல். இன்னொன்று பெயர்–வருட முறை: வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயரும் வருடமும், கடைசியில் அகர வரிசையில் பட்டியல். மருத்துவக் கல்லூரிக்காரர்களுக்கு, ஸ்டான்லியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு, பெரும்பாலும் எண் முறை. அதற்கு வான்கூவர் என்று பெயர் வந்தது, 1978ல் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடி ஒரே மாதிரி விதி வைத்துக்கொள்ளலாம் என்று பேசியதால். பொறியியலில் ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் முறை, அதுவும் எண்தான். உளவியல், சமூக அறிவியலில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ, பெயர்–வருடம், இப்போது நடப்பில் இருப்பது ஏழாம் பதிப்பு. ஹார்வர்டு என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள், அது ஒரே ஒரு விதிப்புத்தகம் கிடையாது, பெயர்–வருட முறைக்குப் பொதுவாகச் சொல்கிற பெயர், ஒவ்வொரு ஜர்னலும் தனக்கென்று ஒரு ஹார்வர்டு வைத்திருக்கும்.

நமக்குத் தெரிந்த பேப்பர் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928ல் நேச்சரில் எழுதியது. ஜர்னலில் ஆங்கில எழுத்தில் வரும், இங்கே நிறுத்தக்குறிகளையும் வரிசையையும் மட்டும் கவனியுங்கள்.

வான்கூவரில்:
ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121:501-2.

ஏபிஏவில்:
ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

நேச்சர் தானே பின்பற்றும் முறையில்:
ராமன், சி. வி. & கிருஷ்ணன், கே. எஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர் 121, 501–502 (1928).

வருடம் இடம் மாறுகிறது, இனிஷியலுக்குப் புள்ளி வருகிறது போகிறது, வான்கூவரில் பக்க எண்கூட சுருங்கி 501-2 ஆகிறது. ஏபிஏவில் ஜர்னல் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்து, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இதழ் எண்ணும் உண்டு, நேச்சரில் தொகுதி எண் தடித்த எழுத்து. ஆனால் மூன்றிலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றேதான்: யார், எப்போது, என்ன தலைப்பு, எந்த ஜர்னல், எத்தனையாவது தொகுதி, எந்தப் பக்கம். இந்த ஆறும் உங்களிடம் சரியாக இருந்தால் ஸ்டைல் மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி.

எட் அல் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். லத்தீனில் 'மற்றும் பிறர்'. எட் என்பது முழுச் சொல், அல் என்பது சுருக்கம், ஆகவே புள்ளி அல்லுக்கு மட்டும்தான் வரும். ஏபிஏ ஏழாம் பதிப்பில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் வாக்கியத்துக்குள் முதல் முறையிலிருந்தே முதல் பெயரும் எட் அல்லும் போதும், ஆனால் பட்டியலில் 20 பேர் வரை எல்லோரையும் எழுத வேண்டும். வான்கூவர் ஜர்னல்கள் பலவற்றில் பட்டியலில் ஆறு பேர் வரை எழுதி, ஏழாவதிலிருந்து எட் அல். சில ஜர்னல் மூன்றோடு நிறுத்தும். அதற்குத்தான் அந்த அச்சான பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கையால் டைப் செய்யாதீர்கள்

ஜோட்டெரோ என்று ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வைத்துப் பட்டியல் போட்டுத் தரும் ஒரு மென்பொருள், இலவசம், திறமூலம், 2006ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மெண்ட்லியும் இலவசம்தான், அது 2013லிருந்து எல்சிவியர் கையில் இருக்கிறது. எண்ட்நோட் காசு. உங்கள் கைடு எண்ட்நோட்தான் வைத்திருக்கிறார், கல்லூரியில் லைசென்ஸ் உண்டு என்றால் தாராளமாக அதையே பிடித்துக்கொள்ளுங்கள், ஒரே பேப்பரில் இரண்டு மென்பொருள் கலப்பதுதான் ஆபத்து. சொந்தமாகத் தேர்ந்தெடுக்கிற நிலையில் இருந்தால் ஜோட்டெரோ.

மூன்று துண்டாக நிறுவ வேண்டும். கணினியில் ஜோட்டெரோ, பிரவுசரில் அதன் கனெக்டர், வேர்டுக்குள் அதன் பிளக்இன். மூன்றாவது பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், வேர்டைத் திறந்தால் மேலே ஜோட்டெரோ என்று ஒரு பட்டை தெரியும். லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும்கூட வேலை செய்யும். கல்லூரி லேப் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் ஜோட்டெரோபிப் என்று அதன் தம்பி ஒன்று பிரவுசரிலேயே ஓடும், சின்னப் பட்டியலுக்கு அது போதும்.

ஒரு பேப்பரைச் சேர்ப்பதற்கு நல்ல வழி டிஓஐ. 10 என்று தொடங்கி ஒரு புள்ளி, சில எண்கள், ஒரு சாய்கோடு, அப்புறம் ஏதோ எழுத்தும் எண்ணும் என்று முதல் பக்கத்தில் இருக்கும் பாருங்கள், அதுதான். பேப்பரின் நிரந்தர எண். ஜர்னல் தளம் மாறினாலும், பதிப்பகம் கைமாறினாலும் அந்த எண் மாறாது. ராமனின் 1928 பேப்பருக்குக்கூட பின்னாளில் டிஓஐ கொடுத்திருக்கிறார்கள், நேச்சர் பதிப்பகத்துக்கான 10.1038 என்ற முன்னொட்டோடு. ஜோட்டெரோவில் மந்திரக்கோல் படம் போட்ட பட்டன் இருக்கும், அதை அழுத்தி டிஓஐயை ஒட்டினால் விவரங்கள் எல்லாம் வந்து விழும். டிஓஐ தெரியவில்லை என்றால் டிஓஐகளைப் பதிவு செய்து வைக்கும் கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பை ஒட்டித் தேடுங்கள்.

வேர்டில் எழுதும்போது மேற்கோள் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, ஜோட்டெரோ பட்டையில் சைட்டேஷன் சேர்க்கும் பட்டனை அழுத்தி, ஆசிரியர் பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் பட்டியல் காட்டும், தேர்ந்தெடுங்கள். கடைசியில் பிப்ளியோகிராஃபி பட்டன். நடுவில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தால் எல்லா எண்ணும் தானாக நகரும், என் பிரவுசிங் சென்டர் இரவு உங்களுக்கு வேண்டாம். ஜோட்டெரோவின் ஸ்டைல் களஞ்சியத்தில் 10,000க்கும் மேல் இருக்கிறது, உங்கள் ஜர்னல் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு இடத்தில் திரும்பி வந்து வேறு இடத்துக்கு அனுப்பும்போது ஸ்டைலை மாற்றினால் போதும், மூன்று வினாடி வேலை.

இதில் செய்யக்கூடாதவை இரண்டு. மெஷின் போட்ட எண்ணையோ பட்டியலையோ வேர்டுக்குள் கையால் திருத்தாதீர்கள், அடுத்த முறை அது புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தம் போய்விடும், ஜோட்டெரோவுக்குள் போய்த் திருத்துங்கள். இன்னொன்று, கைடிடம் கொடுக்கும் கோப்பில் வேர்டுக்கும் ஜோட்டெரோவுக்கும் உள்ள லிங்க்கை அறுத்துவிடாதீர்கள். அறுத்தால் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும், மறுபடி உயிர் வராது. ஜர்னலுக்கு அனுப்பும் கடைசிப் பிரதியில் வேண்டுமானால் அறுங்கள், அதற்கு முன்னால் உயிருள்ள பிரதி ஒன்றைத் தனிப் பெயரில் சேமித்துவிட்டு.

இலவச இடம் 300 எம்பிதான், பிடிஎஃப்களை ஏற்றினால் சீக்கிரம் நிரம்பும். கோப்புகளை ஒத்திசைப்பதை மட்டும் நிறுத்தி வைத்தால் விவரங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் போய் வரும், அதற்கு வரம்பு இல்லை.

மெஷின் கொண்டு வருவதை அப்படியே நம்பாதீர்கள்

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை, அந்த மாதிரி உள்ளே வந்து விழுந்த ஒவ்வொன்றையும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்தவற்றை இரண்டு முறை.

தலைப்பு. முழுக்கப் பெரிய எழுத்திலோ, ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியோ வந்திருந்தால், முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தாக இருக்கும்படி மாற்றுங்கள். தலைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் அதற்கான வழி உண்டு, ஆனால் அப்படி மாற்றும்போது எண்ணூர் போன்ற ஊர்ப்பெயரின் முதல் எழுத்தும் சின்னதாகிவிடலாம், கண்ணால் பாருங்கள். வேர்டுக்குப் பதில் லேடெக்கில் எழுதுகிறவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம் வரும்: டிஎன்ஏ என்று பெரிய எழுத்தில் கொடுத்ததை, அங்கே பட்டியல் போடும் பிப்டெக் சின்ன எழுத்தாக்கிவிடும், அந்தச் சொல்லைச் சுற்றி நெளிவடைப்புக்குறி போட்டால் தொடாது.

உயிரினப் பெயர். மடவைக்கு முகில் செஃபாலஸ் என்று பெயர் (தமிழில் படித்தால் மேகம் மாதிரி இருக்கிறது, எனக்கு அதில் ஒரு சந்தோஷம்). அது சாய்வெழுத்தில் வர வேண்டும். ஜோட்டெரோவில் தலைப்புப் பெட்டிக்குள்ளேயே அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் சாய்வுக்கான ஹெச்டிஎம்எல் குறியைப் போட்டுவிட்டால் அது எங்கே போனாலும் சாய்ந்தே வரும்.

இதே மீனில் இன்னொரு பொறி இருக்கிறது, விலங்கியல்காரர்கள் நிறைய பேர் விழுவார்கள். பெயருக்குப் பின்னால் லின்னேயஸ், 1758 என்று எழுதுகிறோம். பெயர்–வருட முறையில் எழுதும்போது அது அச்சு அசல் மேற்கோள் மாதிரியே இருக்கும், ஆனால் மேற்கோள் அல்ல, அந்த இனத்துக்குப் பெயர் வைத்தவரின் பெயர். சேற்று நண்டுக்கு சில்லா செரேட்டா (ஃபோர்ஸ்கால், 1775) என்று அடைப்புக்குறியோடு வருவதும் அப்படித்தான், பெயர் வைத்த பிறகு அந்த இனம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறி அடையாளம், அதை எடுத்துவிடவும் கூடாது, மற்றதற்குப் போடவும் கூடாது. பெரும்பாலான ஜர்னல்கள் இவற்றைப் பட்டியலில் கேட்பதில்லை. நம் பெண் லின்னேயஸைப் பட்டியலில் 22வது ஆளாகச் சேர்த்து வைத்திருந்தாள், புத்தகத் தலைப்பு இல்லாமல்.

ஜர்னல் பெயர். சில ஜர்னல் முழுப்பெயர் கேட்கும், சில சுருக்கம் கேட்கும். சுருக்கத்தை நாமாகக் கண்டுபிடிக்கக் கூடாது, அதற்கு ஐஎஸ்ஓ 4 என்று ஒரு விதியே இருக்கிறது, எந்தச் சொல்லை எப்படிச் சுருக்குவது என்ற பட்டியலும் உண்டு. மெரைன் பொல்யூஷன் புல்லட்டின் என்பது மார். பொல்லுட். புல். ஆகும், கரண்ட் சயின்ஸ் என்பது கர். சை. ஆகும், நேச்சர், சயின்ஸ் மாதிரி ஒற்றைச் சொல் பெயர்களைச் சுருக்கவே கூடாது. மருத்துவ ஜர்னல் என்றால் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் பெயரைப் போட்டால் சுருக்கம் கிடைக்கும்.

பக்க எண். இணையத்தில் மட்டும் வரும் ஜர்னல்களுக்குப் பக்கம் 1–12 என்று இருப்பது அந்தப் பிடிஎஃப்பின் பக்கம்தான், விலாசம் இல்லை. அவற்றுக்குக் கட்டுரை எண் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள்.

அப்பா பெயரை மேற்கோள் காட்டாதீர்கள்

நம்மூர்ப் பெயர்களால் வரும் கூத்துக்குத் தனி இடம் கொடுக்கத்தான் வேண்டும். மேற்கத்திய முறையில் கடைசியில் வருவது குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது, இனிஷியல்தான், அதுவும் பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்து. எஸ். முருகன் என்று அச்சாகியிருந்தால் பிரச்சினை இல்லை: முருகன், எஸ். சி.வி. ராமனும் அப்படியே, சந்திரசேகர வெங்கட ராமன் என்பதில் முதல் பெயர் அவர் அப்பாவுடையது, கடைசியில் இருப்பதுதான் அவரைக் கூப்பிடும் பெயர், எனவே ராமன் என்று பட்டியலில் போவது சரியாகவே பொருந்திவிட்டது. இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரி முருகன் சுப்பையா என்று ஒருவர் பேப்பர் போட்டால்? மெஷின் சுப்பையா, எம். என்று எழுதும். ஆராய்ச்சி செய்தது மகன், மேற்கோள் வாங்குவது வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பா.

நீங்கள் மேற்கோள் காட்டும்போது விதி எளிது, அந்த ஜர்னல் தன் தளத்தில் அவரை எப்படி மேற்கோள் காட்டச் சொல்கிறதோ அப்படியே காட்டுங்கள், நமக்குத் தெரியும் என்று மாற்றிப் போட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. செந்தில்குமார் ஒரே சொல்லா, செந்தில் தனி குமார் தனியா என்பதும் அச்சில் உள்ளபடியே. ஒரே ஆள் மூன்று பேப்பரில் மூன்று மாதிரி எழுதியிருப்பார், மூன்று மாதிரியும் போகட்டும். ஜோட்டெரோவில் பெயருக்கு இரண்டு பெட்டி இருக்கும், இனிஷியல் தப்பான பெட்டியில் போய், பட்டியலில் அவர் எஸ் என்ற எழுத்தில் வந்து நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் சொந்தப் பெயரை முதல் பேப்பருக்கு முன்பே முடிவு செய்யுங்கள். எந்த வடிவமோ, இனி எல்லாப் பேப்பரிலும் அதே வடிவம். ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 16 இலக்கம், இலவசம், 2012லிருந்து நடைமுறையில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறினாலும் எண் மாறாது.

ஜர்னலில் வராத சமாச்சாரங்கள்

எண்ணூரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். 2017 ஜனவரி 28ல் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, இதையெல்லாம் அறிமுகப் பகுதியில் சொல்லாமல் முடியாது, இதற்கான ஆதாரம் பாதி அரசு அறிக்கையிலும் செய்தித்தாளிலும்தான் கிடக்கிறது. அரசு அறிக்கைக்கு ஆசிரியர் பெயர் இல்லையென்றால் அந்த வாரியமோ துறையோதான் ஆசிரியர். வருடம், அறிக்கைத் தலைப்பு, இருந்தால் அறிக்கை எண், முகவரி. இணையப் பக்கம் மாறக்கூடியது என்றால் பார்த்த தேதியும். அரசுத் தளங்களில் லிங்க் செத்துப்போவது சகஜம், பிடிஎஃப்பை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

ஆய்வேடு என்றால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்காவில் இருக்கிறதா பாருங்கள், ஆசிரியர், வருடம், தலைப்பு, பல்கலைக்கழகம், லிங்க். தமிழில் உள்ள நூலோ கட்டுரையோ என்றால் ஆங்கில ஜர்னலுக்கு, தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழில் இருக்கிறது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

மீனவர் ஒருவர் உங்களிடம் நேரில் சொன்னது, "முன்னாடி இங்க கால் வெச்சா மடவை துள்ளும்மா" என்றது, அதுவும் ஆதாரம்தான். ஆனால் படிக்கிறவர் போய்த் தேடிப் பார்க்க முடியாத ஒன்று என்பதால் ஏபிஏவில் அது பட்டியலில் வராது, வாக்கியத்துக்குள்ளேயே தனிப்பட்ட தகவல் என்று தேதியோடு முடிந்துவிடும். அவர் அனுமதி இல்லாமல் பெயரைப் போடக் கூடாது.

ரிவ்யூவுக்கு முன்பே இணையத்தில் போட்டுவைக்கும் பிரிபிரிண்ட்தான் அசல் பழைய எண், புதிய எண் விவகாரம். பயோஆர்க்கைவ் மாதிரி இடத்தில் முதலில் வெளியாகி, பிறகு ஜர்னலில் வந்திருக்கும், இரண்டுக்கும் தனித்தனி டிஓஐ. ஜர்னலில் வந்துவிட்டதா என்று ஒரு முறை தேடி, வந்திருந்தால் புதிய எண்ணைக் கொடுங்கள். நீங்கள் எடுத்த தகவல் பழையதில் மட்டும்தான் இருக்கிறது என்றால் பழையதையே கொடுத்து, பிரிபிரிண்ட் என்று குறியுங்கள்.

படித்ததைத்தான் காட்ட வேண்டும்

ஒரு முறை நான், பல பேப்பர்களைத் தொகுத்து அலசும் ஒரு ரிவ்யூ கட்டுரையில் யாரோ எழுதியிருந்த ஒரு வரியை நம்பி, அவர் குறிப்பிட்ட மூலப் பேப்பரை, திறந்துகூடப் பார்க்காமல், என் பட்டியலில் போட்டுவிட்டேன். ரிவ்யூவர் எழுதிய முதல் குறிப்பே "15வது ரெஃபரன்ஸ் அப்படிச் சொல்லவில்லை. எழுதியது நான்தான்" என்று இருந்தது. காது மடல் சுட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூலம் கிடைக்கவே இல்லை என்றால், இன்னார் சொன்னதாக இன்னார் எழுதியிருக்கிறார் என்று நேர்மையாக எழுதி, நீங்கள் படித்ததை மட்டும் பட்டியலில் போடுங்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. எல்சிவியர் ஜர்னல்களின் வழிமுறையில் மாதிரிக்காக ஒரு ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தார்கள், வான் டெர் கீர் என்பவரும் வேறு இருவரும் 2000ல் எழுதியதாக 'தி ஆர்ட் ஆஃப் ரைட்டிங் எ சயன்டிஃபிக் ஆர்ட்டிகிள்'. அப்படி ஒரு பேப்பர் உலகத்திலேயே கிடையாது. ஆனால் அது ஏறக்குறைய 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. மாதிரியை ஒட்டிவிட்டு அதன் மேல் சொந்த விவரத்தை எழுத மறந்தவர்களும், எழுதுவது பற்றிய நல்ல பேப்பர் போலிருக்கிறதே என்று எடுத்துப் போட்டவர்களும் சேர்ந்து செய்த வேலை. 2017ல் ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இப்போது அந்த வேலையை சாட்ஜிபிடி மாதிரியானவை மொத்த வியாபாரமாகச் செய்கின்றன. ரெஃபரன்ஸ் கொடு என்றால் நிஜமான ஆசிரியர் பெயர், நிஜமான ஜர்னல், நம்பும்படி ஒரு தலைப்பு, ஆனால் அப்படி ஒரு பேப்பர் இருக்காது, டிஓஐயை அழுத்தினால் தவளையைப் பற்றிய வேறு எதுவோ திறக்கும். மொழி திருத்த வேண்டுமானால் பயன்படுத்துங்கள், ஜர்னல் அனுமதித்தால், அதையும் எழுதி ஒப்புக்கொண்டு. ரெஃபரன்ஸை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களையும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் பேப்பரை 2010ல் அந்த ஜர்னலே திரும்பப் பெற்றது, அது எல்லோருக்கும் தெரிந்த கதை, தெரியாத கதை நிறைய. ஜோட்டெரோ இதைத் தானாகவே சரிபார்த்து, உங்கள் தொகுப்பில் அப்படி ஏதாவது இருந்தால் சிவப்பாக எச்சரிக்கும். அந்தச் சிவப்பை மூடிவிட்டுப் போகாதீர்கள்.

அனுப்புவதற்கு முந்தின நாள்

பிரிண்ட் எடுங்கள். திரையில் பார்த்தால் கண் வழுக்கும். ஒரு கையில் கட்டுரை, ஒரு கையில் பட்டியல், உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பட்டியலில் ஒரு டிக். முடிந்ததும் டிக் இல்லாமல் நிற்பவற்றைப் பாருங்கள், அவை கட்டுரையில் எங்கும் இல்லாதவை, எடுத்துவிடுங்கள். எண் முறையில் அட்டவணைக்குள்ளும் படக்குறிப்புக்குள்ளும் மட்டும் வரும் ரெஃபரன்ஸ்கள் வரிசையைக் குலைக்கும். அந்த அட்டவணை கட்டுரையில் முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ அந்த இடத்தின் வரிசைப்படி அவற்றுக்கு எண் வர வேண்டும். அப்புறம் எல்லா டிஓஐயையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், 40 இருந்தால் அரை மணி நேரம், ஒரு டீ. ஒரு பத்தியின் கடைசியில் ஏழெட்டு எண்ணைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தால், எது எந்த வாக்கியத்துக்கு என்று பிரித்து அந்தந்த இடத்தில் வையுங்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். வெளியிடும் முன் சரிபார்க்க ப்ரூஃப் வரும், ஓரத்தில் கேள்விகளோடு: 17வது ரெஃபரன்ஸ் கட்டுரையில் எங்கும் வரவில்லையே, 29க்குத் தொகுதி எண் எங்கே என்று. பெரும்பாலும் இரண்டு நாள்தான் அவகாசம் தருவார்கள், ஊருக்குப் போயிருந்தாலும் போனிலாவது பதில் போட்டுவிடுங்கள்.

நம் திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு ப்ரூஃப் போன மாதம் வந்தது. ரெஃபரன்ஸில் ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் ஆசிரியர்களின் குடும்பப் பெயரை நிறம் போட்டுக் காட்டி, சரிதானா என்று உறுதி செய்யச் சொல்லியிருந்தார்கள். நிறம் அவள் அப்பா பெயர் மேல் இருந்தது. அவருக்கு போன் போட்டு, "நைனா, உன் பேர் ஃபாரின் ஜர்னல்ல வருது, எடுத்துடவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, பதில் கட்டத்தில் அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்கிப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினாள்.